வெளுத்துப்போன இடம்

செண்பகவல்லிக்கு முப்பத்தொன்பது வயது. அவளுக்கு வாத்தியாராக வாய்த்த அருள்தாசுக்கு இருபத்தெட்டு. அவள் அவரை "சார்" என்பாள். அவர் அவளை "அக்கா" என்பார். அவர் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியர். அவள் அங்கே பி.எட். பயிற்சிக்கு வந்த உள்ளூர்க்காரி.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். எட்டாம் வகுப்புக்குத் தமிழ்நாட்டின் ஆறுகளை அவள் நடத்த வேண்டும்.

போன வருஷமும் இதே தேர்வுதான். பாதிப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து ஏதோ கேட்டது. அவ்வளவுதான், படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. சாக்பீசும் கையுமாகப் பத்து நிமிஷம் நின்றாள். வகுப்பே சிரித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது?" என்று பிளஸ் டூ படிக்கும் மகள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தத் தடவையும் தோற்றுப்போனால் இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அதனால் ஏற்பாடெல்லாம் பலம். ஆறு கேள்வி, ஆறு பிள்ளைகள், ஆறு பதில். முதல் கேள்விக்கு இசக்கிராஜ் கை தூக்குவான், இரண்டாவதற்குப் பேச்சியம்மாள். பாவம், பிள்ளைகளும் ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

மதியம் ஒத்திகைக்கு வந்தவள் சுவரில் தொங்கிய மேப்பைப் பார்த்தாள்.

"சார், கோவில்பட்டியையே காணோம்! வெள்ளையா கிடக்கு."

"பிள்ளைங்க விரல் வச்சு வச்சுத் தேய்ஞ்சு போச்சுக்கா."

"ஐயோ, தேர்வாளர் பார்த்தா என்ன நினைப்பாரு? புது மேப் இருக்கா?"

"பீரோவுல இருக்கு. எடுத்துக்கோங்க."

புது மேப் பளபளவென்று இருந்தது. பழையதைக் கழற்றி அதை மாட்டிவிட்டு அவள் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"தாமிரபரணி எங்கே ஓடுகிறது?"

இசக்கிராஜ் ஜோராக எழுந்து வந்தான். குச்சியை மேலே கொண்டுபோனான், கீழே கொண்டுவந்தான், கடைசியில் கடலில் கொண்டுபோய்க் குத்தினான்.

அருள்தாஸ் பழைய மேப்பை எடுத்துப் பக்கத்தில் மாட்டினார்.

இசக்கிராஜின் விரல் நேரே அந்த வெள்ளைக்குப் போனது. "இங்கன நாம இருக்கோம் டீச்சர்." விரல் கீழே இறங்கியது. "இங்கன தாமிரபரணி." அதோடு விட்டானா? "டீச்சர், நம்ம ஊரு வழியா மட்டும் ஏன் பெரிய ஆறு ஒண்ணுகூட வரலை?"

அது ஆறு கேள்வியில் இல்லாத கேள்வி. செண்பகவல்லி மேப்பின் பக்கம் திரும்பினாள். நல்லவேளை, மணி அடித்தது.

பிள்ளைகள் போனதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு இவன் இதைக் கேட்டா நான் தொலைஞ்சேன் சார். எங்க தொடங்கி எதைச் சொல்ல? கை கால் எல்லாம் இப்பவே உதறுது. இந்தப் பயம் போக என்ன பண்ணணும்?"

"காவிரியக் காட்டுங்கக்கா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

எழுந்து போய்ப் பழைய மேப்பின் முன்னால் நின்றாள். விரல் அப்படி நடுங்கியது. முதலில் வெள்ளையைத் தொட்டது. அங்கிருந்து மதுரைக்கு ஏறியது, திண்டுக்கல்லைத் தாண்டியது, திருச்சிக்குப் போய் நின்றது.

"இதோ, காவிரி."

"விரலை எடுக்காதீங்க. எங்கிருந்து கிளம்பினீங்க?"

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த... வெள்ளையிலிருந்து."

அருள்தாஸ் புது மேப்பைக் கழற்றிச் சுருட்டினார். பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"கை நடுங்கத்தான் செஞ்சுதுக்கா," என்றார். "வழி தப்பலையே."