கிருபா எடுத்த சுருதி

"ஊர்ல இருக்கிற பியானோ எல்லாமே பொய் சொல்லுது டீச்சர்" என்றார் ஆசீர்.

ஆசீர் எங்கள் கோயிலில் பியானோ வாசிப்பவர். ஐம்பது வயதுக்கு மேல், சுருதி சேர்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஜெமிமாவிடம் போய்ச் சேர்ந்தார். ஜெமிமாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆசீர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் வைத்தால் எதுவுமே சுத்தமாகச் சேராது, எல்லாவற்றிலும் ஒரு சின்னப் பிசிறு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் குறை. அது உண்மைதான். பழைய முறை ஒன்று உண்டு. அதில் சில சுருதிகள் தேனாக இருக்கும். சில சுருதிகள் பக்கம் போகவே முடியாது.

"நம்ம பியானோவை அந்த முறைக்கு மாத்திட்டேன். ஸி மேஜர் வாசிச்சுப் பாருங்க."

ஜெமிமா வாசித்தார். நிஜமாகவே தேன்தான். அதை மனதாரச் சொல்லவும் செய்தார்.

பிறகு கேட்டார். "இது யாருக்காக சார்?"

"கிருபாவுக்காக. ஞாயிற்றுக்கிழமை பாடப் போறா. அவ எப்பவும் ஸி-லதான் எடுப்பா."

கிருபா அவர் மனைவி. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டில்கூடப் பாடியதில்லை. பிழைத்ததற்கு நன்றியாக ஆராதனையில் ஒரு கீர்த்தனை பாடுவதாகப் பொருத்தனை செய்திருந்தார். எங்கள் கோயிலில் பாடுகிறவர்தான் முதல் அடியை எடுப்பார். பியானோ பின்னால் போய் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொள்ளும்.

ஜெமிமா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த கிருபாவை அழைத்து, ஒரு வரி பாடச் சொன்னார்.

கிருபா பாடினார். குரல் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. ஏ-ஃப்ளாட். அந்தப் பழைய முறையில் பக்கம் போக முடியாத சுருதி.

ஆசீர் கையை வைத்தார். பியானோ ஊளையிட்டது.

கிருபா நிறுத்திவிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"என் தொண்டைதாங்க சரியில்ல. நான் பாடல."

ஆசீருக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஜெமிமா பையைத் திறந்து, கம்பி முறுக்கும் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அன்று சாயங்காலத்துக்குள் தேன் போய்விட்டது. ஸி-யிலும் பிசிறு, ஏ-ஃப்ளாட்டிலும் அதே பிசிறு.

ஞாயிற்றுக்கிழமை கிருபா எழுந்து நின்று, தன் குரல் வந்த இடத்தில் எடுத்தார். பியானோ கூடவே போனது. இரண்டாவது சரணத்தில் சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. நன்றி சொல்ல எனக்கும் சிலது ஞாபகம் வந்தது.

ஆராதனை முடிந்ததும் ஜெமிமா பியானோ பக்கம் வந்தார்.

"அந்தப் பிசிறு ரொம்பக் கேட்டுச்சோ சார்?"

ஆசீர் முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"எந்தப் பிசிறு?"