மேட்டு ரோட்டுக்கு ஆகும் பெட்ரோல்

"சாமி, என் வண்டி லிட்டருக்கு இருபத்தாறு குடுக்குதுங்க. ஆனா வீட்டுக்குள்ள இருக்க முடியல. நாலு சுவரும் என்னையே பாக்குது."

"அது இருக்கட்டும். எங்க போகணும்?" என்று கேட்டார் சாமி.

குழந்தைவேலு முழித்தார்.

அவர் முழித்ததில் தப்பில்லை. மலைப்பாதையின் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான். சாமி ஒரு காலத்தில் அதே பாதையில் பஸ் கண்டக்டராக இருந்தவர். குழந்தைவேலுவைவிட வயதில் இளையவர். காவி கட்டிய பிறகும் அந்த வாய் மட்டும் மாறவில்லை.

"எங்கயும் போகலைங்க. இங்கதான் வந்தேன்."

"இது வழியில வர்ற ஸ்டாப்புங்க. இங்க யாரும் தங்கறதில்ல. ஏறின இடத்தையாவது சொல்லுங்க."

குழந்தைவேலு சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தை குட்டி இல்லை. பேருக்குத்தான் குழந்தைவேலு.

"எதையும் வீணாக்கறதில்லைங்க. வண்டியில ஏசி போட மாட்டேன். அம்பதுக்கு மேல போக மாட்டேன். வெயிட்டுன்னு ஸ்டெப்னியை எடுத்து வீட்டுல வெச்சுட்டேன். பின் சீட்டையும் கழட்டிட்டேன்."

"ஆள் ஏறினா?"

"யாருங்க ஏறப்போறாங்க?"

கேட்டால் சுற்றுச்சூழலுக்காக என்பார். மொட்டைமாடியில் சோலார். வாசலில் வேம்பு. உலகமே அவர் புகையால்தான் கெட்டுப்போகப் போகிறது என்கிற மாதிரி ஒரு கவனம்.

"கடைகண்ணிக்கு?" என்றார் சாமி.

"அதுக்கெதுக்குங்க பெட்ரோல்? எல்லாத்தையும் போன்லயே ஆர்டர் போட்டுருவேன். கொண்டாந்து கேட்டுல மாட்டிட்டுப் போயிருவாங்க."

"ரெண்டு வார்த்தை பேசுவாங்களா?"

"பெல்லடிக்க வேண்டாம்னு நான்தாங்க அதுல போட்டு வெச்சிருக்கேன். சும்மா தொந்தரவுன்னு."

குழந்தைவேலு போனை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப அதை எடுத்துரலாம்னு பாக்கறேன். எங்க போயி மாத்தறதுன்னு தெரியலைங்க."

வெளியே ஒரு லாரி முக்கிக்கொண்டு மலை ஏறிப் போனது.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே தம்பி. சென்னியப்பன். மலை இறங்கினதும் ரோடு ரெண்டாப் பிரியுதுல்லீங்க, அதுல மேட்டு ரோட்டுல போனா அவன் வீடு. பள்ளத்து ரோட்டுல போனா என் வீடு. பேச்சுவார்த்தை இல்லீங்க."

"சொத்துத் தகராறா?"

"எலெக்‌ஷன்ங்க."

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் ஒரு படம் போட்டார். தம்பி அதற்கு ஒரு பதில் போட்டார். அவரவர் கட்சிக்காக இவர்கள் போட்ட சண்டையை அந்தக் கட்சிக்காரர்கள்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் அண்ணன் குரூப்பை விட்டு வெளியேறினார். தம்பி "விட்டது தொல்லை" என்று போட்டார். அதை யாரோ படம் பிடித்து அண்ணனுக்கே அனுப்பிவைத்தார்கள். இந்த மாதிரி சேவைக்கு நம் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"அந்த ரெண்டு கட்சியும் இப்ப ஒரே கூட்டணிங்க," என்றார் குழந்தைவேலு.

சாமி சிரிக்கவில்லை.

"போன மாசம் அவனுக்குச் சர்க்கரையில கால் விரலை எடுத்துட்டாங்களாம். பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். குழந்தைவேலுவுக்கு உதடு ஆடியது.

"போய்ப் பாக்கலையா?"

"மேடுங்க."

"என்னது?"

"அந்த ரோடு முழுக்க ஏத்தம். பர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்லயே போகணும். மைலேஜ் மொத்தமும் கெட்டுரும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. சாமி அவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேன் சாமி."

"சொல்லாமலா இருந்திருப்பாரு?"

"நான்தான் குரூப்புல இல்லீங்களே."

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எனக்கும் கீழ ஒரு வேலை இருக்கு. ஏத்திக்குவீங்களா?"

குழந்தைவேலு சாமியை மேலும் கீழும் பார்த்தார். நல்லவேளை, ஒல்லியான சாமி.

"வாங்க," என்றார்.

காரில் ஏறியதும் சாமி பின்னால் திரும்பிப் பார்த்தார். சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரம் தெரிந்தது.

"டெப்போவுக்குத் திரும்பற காலி பஸ்ஸும் இப்படித்தான். அருமையா மைலேஜ் குடுக்கும்," என்றார்.

வண்டி கிளம்பியது. குழந்தைவேலு போனை எடுத்து ஏதோ அழுத்தி முன்னால் நிறுத்திவைத்தார். ஒரு பெண் குரல் பேசியது.

"இருநூறு மீட்டரில், வலதுபுறம் வளைந்து செல்லவும்."

"யாரு இது?"

"மேப்புங்க. வழி சொல்லும்."

"உங்க வீட்டுக்கு உங்களுக்கே வழி தெரியாதா?"

"பொறந்ததுல இருந்து இருக்கற ஊருங்க."

"அப்புறம் எதுக்கு?"

குழந்தைவேலு ரெண்டு வளைவை மெதுவாகத் திருப்பி முடித்தார்.

"வீட்டு வாசல்ல போயி நின்னதும், 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்'னு அது சொல்லும்ங்க."

"சரி."

"வேற யாரும் சொல்றதில்லைங்க."

சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்திருக்கும். சாமி என்றாலும் மனுஷன்தானே.

கடைசி வளைவு முடிந்தது. குழந்தைவேலு கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை அணைத்தார். சாவியை முழுதாகத் திருப்பவில்லை. திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இந்த வித்தையில் அவர் கெட்டிக்காரர்.

"என்ன பண்றீங்க?"

"இங்கிருந்து நேர் இறக்கம்ங்க. வண்டி தானா உருளும். பிரிவு தாண்டி பள்ளத்து ரோட்டுல என் வீட்டு வாசல் வரைக்கும் ஒரு சொட்டு செலவில்ல."

"பிரேக்கு?"

"கட்டியாத்தான் இருக்கும். பழகிருச்சு."

"அப்ப நாலு வருஷமா வண்டிதான் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. நீங்க போகல."

குழந்தைவேலுவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வண்டி உருண்டுகொண்டுதான் இருந்தது. சத்தமே இல்லை. டயர் ஓசையும் காற்றும் மட்டும்தான். தூரத்தில் பிரிவு தெரிந்தது. மேட்டு ரோட்டு முனையில் ஒரு புளியமரம், பள்ளத்து ரோட்டு முனையில் ஒரு பஸ் ஸ்டாப்பு. வண்டி பழக்கப்பட்ட மாடு மாதிரி பள்ளத்துப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது.

அப்போது சாமி நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார்.

ஒரே ஒரு விசில். பஸ்ஸில் போன யாருக்குத்தான் அதன் அர்த்தம் தெரியாது? குழந்தைவேலுவின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கை ஏறி மிதித்தது. பிரிவுக்கு நட்ட நடுவில் வண்டி நின்றது.

சாமி கதவைத் திறந்து இறங்கினார்.

"சாமி, இங்கயா இறங்கறீங்க? அய்யோ, உருண்டுட்டு இருந்த வண்டிங்க. நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணித்தான் ஆகணும்."

"ஆமா."

"பள்ளத்துல போறதுக்கும் இனி பெட்ரோல் வேணும்ங்க."

"ஆமா. எங்க போறதுக்கும் வேணும்."

குழந்தைவேலு அந்த ரோட்டையும் இந்த ரோட்டையும் பார்த்தார்.

"கீழ ஏதோ வேலை இருக்குன்னீங்களே சாமி?"

"முடிஞ்சுதுங்க. அடுத்த பஸ்ல மேல போயிருவேன்."

சாமி பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கார் நின்றது நின்றபடியே இருந்தது. பின்னால் ஒரு டெம்போ வந்து ஹார்ன் அடித்து, திட்டிவிட்டு விலகிப் போனது. குழந்தைவேலுவின் கை சாவியிலேயே இருந்தது. போனால் தம்பி என்ன சொல்வானோ. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கப்புறம் போக இந்த உலகத்தில் ஒரு வாசல் இல்லை. போகாமலே இருந்தால் அந்த வாசல் இருக்கிறது என்றாவது நினைத்துக்கொள்ளலாம். இத்தனை நாளாக அவர் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து ரெண்டு விசில் கேட்டது.

குழந்தைவேலு சாவியைத் திருப்பினார்.

மேட்டு ரோட்டில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. முன்னால் மைலேஜ் காட்டும் சின்னத் திரையில் இருபத்தாறு இறங்கத் தொடங்கியது. கொஞ்ச தூரத்துக்கு மேல் அவர் அதைப் பார்க்கவில்லை.

"முடிந்தால், யூ டர்ன் எடுக்கவும்," என்றது போன்.

வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தது. தம்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் விடவில்லை. குழந்தைவேலு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முடிந்தால், யூ டர்ன் எடுக்கவும்."

சத்தம் கேட்டு சென்னியப்பன் வெளியே வந்தார். ஒரு காலில் கட்டு. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, நிலைப்படியில் நின்றார். இளைத்துப்போயிருந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன குடுக்குதுங்கண்ணா வண்டி?"

"பாக்கல தம்பி."

சென்னியப்பன் உள்ளே திரும்பினார். மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அண்ணன் வந்து சேந்துட்டாரு."