எருமைத் தெருவுக்கு வந்த மரியாதை

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையை மங்கள பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோட்டை எழும்புவதற்கு முன்பே எருமைகள் ஆற்றுக்கு இறங்கிய தடம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அவை வளைந்து நடந்த இடமெல்லாம் வளைந்து, இருபுறமும் வீடுகள் முளைத்து, எருமைத் தெரு ஆயிற்று.

மந்திரி கூத்தபிரான் வெட்டிய குளத்தை ஜனங்கள் மந்திரி குளம் என்று அழைத்தது சேனாபதி உக்கிரகேசரியாருக்குப் பொறுக்கவில்லை. ராஜா சொக்கட்டானில் ஜெயித்துக் குஷியாக இருந்த சமயம் பார்த்து, அந்தத் தெருவுக்குத் தன் பெயரை வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா? பழைய பெயரைச் சொன்னால் சிறை, புதுப் பெயரோடு 'தெரு' என்று ஒட்டக் கூடாது, 'அவர்' என்றே மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று தண்டோராவும் போடவைத்தார்.

மறுநாளே மோர்க்காரி அரியநாச்சி வாய்ப்பழக்கத்தில் பழைய பெயரைச் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனாள். கைக்குழந்தைக்காரி. மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. நேரே அந்தத் தெருவுக்குப் போய், ஆணையை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கும்படி ஜனங்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் பால்காரர் ஆண்டியப்பன் சபைக்கு வந்து கும்பிட்டார்.

"மகாராஜா, நேற்றைய மழையில் உக்கிரகேசரியார் முழங்கால் அளவு சேறாகிவிட்டார். காலையிலிருந்து ஒரே நாற்றம். மூக்கைப் பொத்தாமல் அவர் பக்கம் போக முடியவில்லை."

ராஜாவின் மீசை துடித்தது. "அப்புறம்?"

"எருமைகள் அவர் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. சாணியையும் அவரே தாங்கிக்கொள்கிறார்."

சேனாபதி வாளை உருவத் தொடங்கினார். ஆண்டியப்பன் மரியாதையில் எங்கே குறை வைத்தார் என்று மந்திரி பணிவாகக் கேட்டதும், வாள் பாதியில் நின்றது. சபையே சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது.

"மகாராஜா, பழைய பெயரே இருக்கட்டும்" என்றார் சேனாபதி.

"எந்தப் பெயர்?"

"எருமைத் தெரு."

"அப்படிச் சொன்னவர்களுக்கு உமது ஆணைப்படி என்ன தண்டனை?"

சேனாபதியின் முகம் வெளுத்தது. ஆணையை ரத்து செய்யும்படி அவரே கெஞ்சினார். ராஜா சம்மதித்தார், ஆனால் மழைக்காலம் முடியும்வரை அந்தத் தெருவைக் கூட்டுவது சேனாபதியின் பொறுப்பு என்றார். அரியநாச்சி அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்தாள்.

சபை கலைந்ததும் ராஜா தன் முத்துமாலையை மந்திரியின் கழுத்தில் போட்டு, காதருகே குனிந்தார்.

"வடக்கே சாக்கடை ஓரமாகப் போடும் பாதைக்கு என் பெயர் வைக்கச் சொன்னேனே, தண்டோராக்காரன் கிளம்பிவிட்டானா?"

"இல்லை மகாராஜா. அவனுக்குக் காலையிலிருந்து என் வீட்டில் விருந்து நடக்கிறது."