மூன்றாம் மணிக்குச் சாத்திய கதவு

மாதா கோயில் கதவைச் சாத்தியதுதான் எங்கள் பங்கில் வந்த வினை. புதிதாக வந்த பங்குக் குரு இஞ்ஞாசியார் சாமி, ஞாயிறு பூசைக்கு மூன்றாம் மணி அடித்ததும் கதவைத் தாழிடச் சொல்லிவிட்டார். பிந்தியவர்களுக்குப் பூசை கிடையாது. பிந்துவது யார்? பிள்ளைக்காரிகள்தான்.

வியாகம்மாள் வாராவாரம் வெளியே நின்றாள். நண்டும் சிண்டுமாக நாலு பிள்ளைகள். புருசன் கப்பலில்.

"குடும்பம்னா ஒழுங்கு வேண்டாமா? இன்னொரு தடவை பிந்தினா உன் மூத்தவளுக்குப் புதுநன்மை கிடையாது, முதல் நற்கருணை கொடுக்கமாட்டேன்" என்றார் சாமி.

"அந்த ஒழுங்கை எனக்குக் காட்டித் தாங்க சாமி. வர்ற ஞாயிறு நீங்களே இதுகளைக் கிளப்பிக் கூட்டிட்டு வாங்க."

"இதெல்லாம் ஒரு வேலையா? நானே கூட்டிட்டு வர்றேன்." சாமி சிரித்தார்.

ஞாயிறு வந்தது. வியாகம்மாள் முதல் மணிக்கே கோயிலில் இருந்தாள். அவள் வீட்டில் சாமி ஒருவனுக்குச் சட்டை மாட்டினால் இன்னொருவன் கழற்றினான். கோயிலில் மணியடிக்கும் கோவில்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாம் மணியை அடித்தார், கதவைத் தாழிட்டார். உத்தரவு உத்தரவுதானே.

சற்று நேரத்தில் கதவு தடதடத்தது. வியாகம்மாள் எழுந்து போனாள்.

"யாரது?"

"நான்தாம்மா, சாமி!"

"பிந்தினவங்களுக்குத் திறக்கக்கூடாதுன்னு சாமி உத்தரவாச்சே!"

கோயிலே சிரித்தது.

"தாயே, சின்னவன் என் அங்கியெல்லாம் நனைச்சிட்டான். திற!"

"இனிமே கதவைச் சாத்துவீங்களா?"

"சாத்தலை!"

"மூத்தவளுக்குப் புதுநன்மை?"

"உண்டு, உண்டு!"

அன்றைக்குத் திறந்த கதவை இன்றுவரை பூசை நேரத்தில் சாத்தியதில்லை. தாழ்ப்பாளை நீக்கியவள் வியாகம்மாள்.