அயலார் தெருவின் மண்

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கும் முன்னே, ஏரிமங்கலம் என்றொரு நாட்டை மணிகேது என்ற ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் அதை மாற்றுவான். உள்ளூர்க்காரனுக்கு அது வேடிக்கை. கடல் கடந்து பிழைக்க வந்து அயலார் தெருவில் குடியிருந்தவர்களுக்கோ வயிற்றில் நெருப்பு.

அந்தத் தெருவில் வலை பின்னிப் பிழைத்தவள் குமுதை. புது மணப்பெண்ணாக வந்து இறங்கியவளுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அரண்மனைக்கு அவள் இன்னும் வந்தேறிதான்.

அயலாரை மேற்பார்க்கும் அதிகாரி நாகதத்தன் இரண்டு விதி வைத்திருந்தான். நாட்டில் தங்குவதற்கான முத்திரையை ஆண்டுதோறும் எல்லைக்கு வெளியே போய், வாசலில் கால்கடுக்க நின்று, புதுப்பித்து வரவேண்டும். ஆனால் குடியுரிமை வேண்டுமென்றால், வந்த நாள் முதல் எல்லையைத் தாண்டியிருக்கக் கூடாது. இதைத் தன் அறிவின் உச்சம் என்று அவன் நினைத்திருந்தான்.

அந்த ஐப்பசியில் ராஜா கெட்ட கனவு ஒன்று கண்டான். பலன் சொன்னவன் நாகதத்தன். “எல்லாம் அந்த அயலாரால்தான், மகாராஜா. ஒரேயடியாகக் கப்பலேற்றிவிடுவோம்.” கப்பலும் துறையில் வந்து நின்றது. குமுதையின் புருஷன் மூச்சிரைப்பில் படுத்த படுக்கையாகக் கிடந்தான். கப்பலேற்றினால் உயிரோடு கரை சேரமாட்டான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவள் நேரே அரசவைக்குப் போனாள்.

“யாரம்மா நீ?” என்றான் ராஜா, வெற்றிலையை மென்றபடி.

“உங்கள் குடி, மகாராஜா.”

சபை சிரித்தது. நாகதத்தன் முன்னால் வந்தான். “குடியா? எல்லையைத் தாண்டியிருக்கிறாயா?”

“முத்திரைக்காகத் தாண்டினேன், ஐயா. நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்?”

“தாண்டியவள் குடியாக முடியாது. விதி.”

“தாண்டாமலே இருந்திருந்தால்?”

“முத்திரை இல்லாதவளுக்குச் சிறை. அதுவும் விதி.”

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். “இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டாயே, நாகதத்தா! சரி பெண்ணே, உனக்கும் ஒரு வாய்ப்புத் தருகிறேன். நாளை கப்பல் கிளம்புவதற்குள் நீ குடி என்று இவன் வாயாலேயே சொல்ல வை. முடியாவிட்டால் தெருவோடு கப்பலேறு.”

“என் நாக்கு அழுகினாலும் சொல்லமாட்டேன்” என்றான் நாகதத்தன்.

குமுதை குரலை நடுங்க விடவில்லை. “அப்படியே ஆகட்டும். போகும்போது எங்கள் பொருளை எடுத்துக்கொள்ளலாமா?”

“உங்கள் கையால் இந்த நாட்டில் வைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு தொலையுங்கள்! ஒரு துரும்பு மிச்சம் இருக்கக் கூடாது!” என்று சீறினான் நாகதத்தன்.

“அதுவே என் உத்தரவு” என்றான் ராஜா. குமுதை கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஊரின் தலைக்குமேல் பேரேரி இருந்தது. அரண்மனையும் அதற்குக் கீழேதான். ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒவ்வொரு தெருவும், வீட்டுக்கு வீடு, தன் பங்குக் கரைக்கு மண் சுமந்து போடும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். குடிகள் மட்டுமே கரையில் மண் போடலாம் என்பது ஏரி வெட்டிய காலத்து வழக்கம். ஆனால் மதகுக்கு மேலே, தண்ணீர் மோதித் திரும்பும் வளைவை மட்டும் அயலார் தெருவின் தலையில் கட்டியிருந்தார்கள். ஆபத்தான இடத்தில் மண் சுமக்கும்போது அவர்களிடம் முத்திரை கேட்ட அதிகாரி ஒருவனும் இல்லை.

விடிந்ததும் ராஜாவுக்குச் சேதி போயிற்று. கிரீடம் இல்லாமல், மழையில் ஓடி வந்தான்; பின்னால் நாகதத்தனும் காவலர்களும். வளைவில் தெரு முழுவதும் மண்வெட்டியோடு நின்றது. தண்ணீர் கரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

“என்ன செய்கிறாய், பைத்தியக்காரி?”

“உங்கள் உத்தரவுதான், மகாராஜா. எங்கள் கையால் வைத்ததை எடுத்துப் போகிறோம்.” குமுதை ஒரு கூடை மண்ணை அள்ளித் தூக்கினாள். அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கீழே அவள் புருஷனும் படுத்திருந்தான். அந்தப் பயம் அவள் நெஞ்சுக்குத்தான் தெரியும்.

“பிடியுங்கள் அவளை!” என்று நாகதத்தன் கத்தினான். காவலர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், கீழே தங்கள் வீடுகளைப் பார்த்தார்கள், அசையவில்லை.

“அது ஏரி மண்! எடுக்கக் கூடாது!”

“குடிகள் போட்ட மண்ணை எடுக்கக் கூடாது, ஐயா. அயலார் போட்ட மண் கரையில் இருக்கவே கூடாது. விதியில் நீங்கள் கெட்டிக்காரர். சொல்லுங்கள், இது யார் போட்ட மண்?”

இரண்டாவது கூடை எழுந்தது. கரையோரம் ஒரு கட்டி சரிந்து தண்ணீரில் விழுந்தது.

“சொல்லித் தொலையேன்டா!” என்று ராஜா அலறினான்.

“அவர்கள்... அவர்கள் போட்டதுதான்...”

“அவர்கள் என்றால் யார், ஐயா?” மண்வெட்டி மேலே போயிற்று.

“குடிகள்! குடிகள் போட்ட மண்!”

ராஜா பெருமூச்சு விட்டான். “ஜெயித்துவிட்டாய், அம்மா. இனி நீ இந்த நாட்டுக் குடி. பட்டும் பல்லக்கும் தருகிறேன். மண்வெட்டியைக் கீழே போடு.”

“மண் சுமந்தது நான் மட்டுமில்லை, மகாராஜா. தெரு.”

“சரி, தெரு முழுவதும்!”

“நீங்கள் மாலையில் மாற்றிவிடுவீர்கள். முரசறைந்து சொல்லுங்கள். இங்கேயே, இப்போதே.”

மழையில் நனைந்த முரசு மந்தமாக முழங்கியது. அதன் பிறகே மண்வெட்டி இறங்கியது.

ராஜா தன் அவமானத்தை இறக்கி வைக்க ஆள் தேடினான். “நாகதத்தா, உன் வீட்டுப் பங்குக் கரை எது?”

அவன் வலப்பக்கம் காட்டினான், பிறகு இடப்பக்கம் காட்டினான்.

“அவர் வீட்டுப் பங்கையும் நாங்கள்தான் சுமந்தோம்” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“மண் சுமக்காத நீ எப்படியடா குடி?” ராஜா அவன் தலைப்பாகையைக் கழற்றி எறிந்துவிட்டு, சேற்றுக் கூடையை அவன் தலையில் ஏற்றினான். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. குமுதை சிரிக்கவில்லை. பள்ளத்தை மூடி, அடைமண்ணை ஏறி மிதித்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. ராஜாவின் கருணையால் அயலாருக்கு வாழ்வு வந்தது என்று அரண்மனைப் புலவர் பாட்டுக் கட்டினார். ஏரி வறண்ட ஒரு கோடையில் அவள் போய்க் கேட்டிருந்தால் அந்தக் கருணை எங்கே இருந்திருக்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.