பால் பிடிக்கும் பருவம்

“இவ்வளவு போட்டும் ஏன் வளரலை?” என்று கேட்டார் மாசிலாமணி.

நீலகிரிச் சரிவில் இருந்த அந்த ஆசிரமத்தில் கோதுமை வயல் அவர் பொறுப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சீடராக வந்து சேர்ந்தவர். குருவான குயிலி அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். மாசிலாமணி அவரை ‘அம்மா’ என்பார். அம்மை ‘ஐயா’ என்பார்.

அந்த வயலில் விளைவதுதான் ஆசிரமத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு.

வண்டி வண்டியாக எரு போட்டதையும், சூப்பர் பாஸ்பேட் உரத்தை அள்ளி இறைத்ததையும் மாசிலாமணி மூச்சுவிடாமல் சொன்னார். பயிரோ முழங்காலைத் தாண்டவில்லை. இலைகளில் வெளிறிய பட்டைகள்.

அம்மை உள்ளே போய், ஒரு கைப்பிடி வெள்ளைத் தூளோடு வந்தார். ஜிங்க் சல்பேட், துத்தநாகச் சத்துள்ள உப்பு.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது.

“மூட்டைக்கு மசியாத பயிர் இதுக்கா மசியும்?”

“நீங்க கொட்டின சூப்பர் பாஸ்பேட்டே இதை வேர் எடுக்கவிடாம மறிக்கும் ஐயா. பசிச்சவனுக்குத் தண்ணியா ஊத்திக்கிட்டிருந்தா எப்படி?”

நம்பிக்கையில்லாமல்தான் கரைத்துத் தெளித்தார்.

வெளிறல் மறைந்தது. பயிர் விறுவிறுவென்று எழுந்து இடுப்பைத் தொட்டது. கதிர் தள்ளியது. மாசிலாமணிக்குத் தரையில் கால் பாவவில்லை. மலையேறி வருகிற யாரையும் வயலைக் காட்டாமல் விடுவதில்லை.

மணிகளில் பால் பிடித்த சமயம் அம்மை வந்து, இன்னொரு முறை தெளிக்கச் சொன்னார்.

“எதுக்கும்மா? இன்னும் உயருமா?”

“உயராது.”

“மகசூல் கூடுமா?”

“சொல்லும்படியாக் கூடாது.”

“பின்னே?”

“பயிருக்கு வேண்டியது போய்ச் சேர்ந்திடுச்சு. பிள்ளைங்களுக்கு?”

இந்தப் பருவத்தில் இலையில் படுவது மணிக்குள் இறங்கும் என்றார் அம்மை. பிள்ளைகள் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு சிராய்ப்பு ஆற வாரக்கணக்காகிறது, உடம்பில் இந்தத் துத்தநாகச் சத்து போதவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

மாசிலாமணி ஒரு மணியைக் கிள்ளிப் பார்த்தார்.

“மணி பெருசாத் தெரியுமா?”

“தெரியாது.”

“ருசியில?”

“தெரியாது.”

“அப்போ யாருக்குத்தாம்மா தெரியும்?”

அம்மை ஸ்பிரேயரைத் தூக்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

இரண்டு வரிசை முடிவதற்குள் மாசிலாமணி ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டார். வெயில் சாயும்வரை, ஒரு கதிர் விடாமல் தெளித்தார்.

அறுவடை முடிந்தது. புது மாவில் முதல் சப்பாத்தி. மாசிலாமணியே பரிமாறினார். கை ஓயவில்லை, கண் பிள்ளைகளின் முகத்தைவிட்டு நகரவில்லை.

கடைசியில் பொறுக்கமாட்டாமல், பந்தியின் ஓரத்தில் இருந்த சிறுமி எழிலரசியிடம் கேட்டுவிட்டார்.

“எப்படிம்மா இருக்கு?”

அவள் மென்று, யோசித்து, உண்மையைச் சொன்னாள்.

“எப்பவும் போலத்தான் இருக்கு, தாத்தா.”

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். அவள் தட்டில் இன்னொன்று வைத்தார்.