ஐந்து பெயரும் முதற்பெயர்

முன்னொரு காலத்தில், ஆறு என்று இருந்தால் அதற்கொரு பாலம் வேண்டும், பாலம் என்று இருந்தால் அதற்கொரு பெயர் வேண்டும் என்று கருதிய அரசர் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். மகுடவர்மர் என்பது அவர் திருநாமம். நல்லவர்தான். ஆனால் நல்ல எண்ணம் ஒன்று தோன்றிவிட்டால், அதை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று மட்டும் பார்க்கமாட்டார்.

ஒருமுறை அண்டை நாட்டுக்கு விருந்துக்குச் சென்றவர், அங்கே ஒரு பாலத்துக்குப் போரில் உயிர்நீத்த வீரன் ஒருவனின் பெயர் சூட்டப்பட்டிருப்பதைக் கண்டு மனம் உருகிப்போனார். ஊர் திரும்பியதும் ஆணை பிறந்தது. போர்வீரர், ஏரி காத்தவர், வழிகாவலர் என்று நாட்டுக்கு உழைத்த எவராயினும் சரி, அவர்களின் பெயர்களை நம் பாலங்களுக்கும் பெருவழிச் சந்திகளுக்கும் சூட்டவேண்டும். தகுதியுடையோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவையின் பெரியவர்கள் ஐவரிடம் அளிக்கப்பட்டது.

ஐவரும் நாடெங்கும் தேடினார்கள். தகுதியுடையோர் ஐவர்தான் அகப்பட்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் நாட்டில் பெயரில்லாத பாலமோ, மதகோ, நாற்சந்தியோ மிச்சமில்லை. நல்ல பாலங்களைத் தளவாய் சிங்கமுத்தர் எடுத்துக்கொண்டார். வணிகர் கூடும் சந்திகளைக் கருவூலத் தலைவர் தாண்டவராயர் எடுத்துக்கொண்டார். மற்ற மூவரும் எஞ்சியவற்றைப் பங்கிட்டுக்கொண்டதில், ஆடு தாண்டும் வாய்க்காலின்மேல் கிடந்த பனந்துண்டுக்குக்கூட ஒரு பெருமகனாரின் பெயர் கிடைத்தது. அத்தோடு விட்டார்களா என்றால், இல்லை. வழி சொல்பவர் எவரும் பெயரைப் பட்டங்களோடு முழுமையாகச் சொல்லவேண்டும் என்றும் ஒரு விதி செய்தார்கள்.

இந்த விதியால் மற்ற எவரையும்விட அதிகம் அவதிப்பட்டவர் அரசவை விகடகவி ஆவுடைநம்பி. அவர் வீடு தலைநகரின் தெற்குவாயிலில், சாலைகள் பிரியும் இடத்தில் இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவர் வாசலில்தான் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள்.

ஒருநாள் உப்புவண்டிக்காரர் ஒருவர் கொல்லன்பட்டிக்கு வழி கேட்டார். நம்பி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு தொடங்கினார். "நேரே சென்றால் எண்டிசையும் வென்ற, பகைவர் கனவிலும் நடுங்கும், பராக்கிரமத் தளவாய் சிங்கமுத்தர் பெரும்பாலம் வரும். அதைக் கடந்தால் எண்டிசையும் வென்ற, பகைவர் கனவிலும் நடுங்கும், பராக்கிரமத் தளவாய் சிங்கமுத்தர் சிறுபாலம் வரும். அங்கிருந்து இடப்பக்கம்..."

"சாமி, கொஞ்சம் நில்லுங்க" என்றார் வண்டிக்காரர். "நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாடு ரெண்டும் படுத்துடுச்சு. அந்தச் சின்னப் பாலத்துக்கு முன்ன என்ன பேரு?"

நம்பி தெருவின் இருபுறமும் பார்த்துவிட்டு, "புளியமரத்துப் பாலம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அலுத்துக்கொண்டே வண்டிக்காரர் மாடுகளை எழுப்பினார்.

நம்பிக்கு வெறுத்துப்போயிற்று. ஊரைச் சிரிக்கவைக்கும் நாக்கு இப்படித் தளவாயின் பட்டங்களைச் சுமந்தே தேய்கிறதே என்று தம் மனைவியிடம் புலம்பினார். அவரோ, வழி கேட்க வந்தவர்கள் குடித்துத் தீர்த்த மோருக்கு யாரிடம் புலம்புவது என்று திருப்பிக் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் செந்நீராற்றுத் துறையில் புதிய கற்பாலம் ஒன்று கட்டி முடிந்தது. மூன்று பெருவழிகள் வந்து கூடும் இடம் அது. நாட்டிலேயே பெரிய பாலம். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்ற செய்தி பரவியதும், கால் ஒன்று விந்திய கிழவர் ஒருவர் நம்பியின் வீட்டுக்கு வந்தார். அவர் பெயர் மருதன். முந்தைய போரில் காலாட்படையில் இருந்தவர். நம்பி வழக்கம்போல், எந்த ஊருக்கு வழி வேண்டும் என்று சலிப்போடு கேட்டார். வழி வேண்டாம், ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார் கிழவர்.

பிறகு அவர் சொன்ன கதை இது. போரின்போது செந்நீராற்றில் பெருவெள்ளம். பகைவர் அக்கரைக்கு வந்துவிட்டார்கள். மீனவர்களின் கட்டுமரங்கள் எல்லாம் அக்கரையிலேயே கட்டிக் கிடந்தன. அவை பகைவர் கைக்குப் போனால் மறுநாள் தலைநகரம் போய்விடும். மருதனும் எயினன் என்ற அவருடைய தோழனும் வெள்ளத்தில் நீந்திப் போய்க் கயிறுகளை அறுத்து மரங்களை ஆற்றில் விட்டார்கள். கடைசிக் கயிற்றை அறுக்கும்போது எயினன்மேல் அம்பு பாய்ந்தது. நீ போ, நான் அறுத்துவிட்டு வருகிறேன் என்று அவன் மருதனை ஆற்றில் தள்ளிவிட்டான். கயிறு அறுந்தது. எயினன் வரவில்லை.

"தளவாய் அப்போது எங்கே இருந்தார்?" என்று நம்பி கேட்டார்.

"அவருக்கு வயித்துவலின்னு பின்னாடி பாசறையில இருந்தாருங்க. அதைப் பத்தி எனக்கொண்ணும் இல்ல. வலி யாருக்கும் வரும்." கிழவர் விந்திய காலை நீட்டித் திண்ணையில் சாய்ந்துகொண்டார். "எயினனுக்குப் பொண்டாட்டி பிள்ளைன்னு யாரும் கிடையாது. நான் கண்ணை மூடிட்டா அந்தப் பேரைச் சொல்றதுக்கு ஆளு இல்லீங்க. அந்தப் பாலம் அக்கரையில அவன் நின்ன இடத்துலதான் இறங்குது. பேரு சின்னப் பேருதான். கல்லுல அதிக இடம் பிடிக்காது."

நம்பி வாக்குக் கொடுத்தார். கொடுத்தபின்தான், எப்பேர்ப்பட்ட அவையில் அதைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது என்பது அவர் நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவை கூடியபோது பெரியவர்கள் ஐவரும் புதிய பாலத்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். போர் நடந்த இடமாதலால் அது தமக்கே உரியது என்றார் தளவாய். கல் வாங்கிய செலவுக்குக் கையெழுத்திட்டது தாமே என்றார் தாண்டவராயர். மற்ற மூவரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அரசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நம்பி எழுந்து எயினனின் கதையைச் சொன்னார். ஒரு கோமாளித்தனமும் கலக்காமல் சொன்னார். அதனாலேயே அவையில் எவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தளவாய் மட்டும் காதில் வாங்கினார். பாசறைப் பேச்சு வெளிவந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் விரைந்து எழுந்தார்.

"மன்னவா, பெயர் சூட்டுவதில் விகடகவிக்கு இத்தனை ஆர்வம் இருப்பதால், இந்தப் பொறுப்பை அவரிடமே விடலாம். ஆனால் எங்கள் ஐவரின் பெயர்களும் பாலத்தில் இருக்கவேண்டும். ஒருவர் பெயர் மற்றவர் பெயருக்குக் கீழே இருக்கலாகாது. ஐந்தும் முதற்பெயராக இருக்கவேண்டும். அவற்றைச் சந்திக்காமல் எவரும் பாலத்தில் ஏறலாகாது. இதைச் செய்ய இயலாவிட்டால் அவர் அவையை விட்டு நீங்கட்டும். கயிறு அறுத்தவனின் கதையும் அவரோடு போகட்டும்."

ஐந்து பெயரில் நான்காவது எப்படி முதலாவது ஆகும் என்று அரசருக்கும் புரியவில்லை. ஆயினும் சண்டை ஓய்ந்தால் போதும் என்று தலையசைத்துவிட்டார்.

நம்பி கைகூப்பினார். "அடியேன் ஆணைப்படியே செய்கிறேன். செய்து முடித்தபின், இந்தப் பெருமை எங்களுக்கு வேண்டாம் என்று இவர்களே சொல்லிவிட்டால் என்ன செய்வது, மன்னவா?"

அரசர் அந்தத் தலைவலியிலும் புன்னகைத்தார். "கல்லில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்பவர் என் அவையிலா? அப்படி ஒன்று நடந்தால் நீ சொல்லும் பெயரை வைத்துக்கொள்."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, நம்பிக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. பாலத்தின் சிற்பி குழந்தைவேலரோடு அமர்ந்து, வட்டமான கல்லில் பெயர்களைச் சுற்றி எழுதலாமா என்று பார்த்தார். செய்தி கசிந்தது. அரண்மனையைப் பார்க்கும் பக்கம் யாருடையது என்று கேட்டு ஐந்து வீட்டுப் பணியாட்களும் வந்துவிட்டார்கள். ஐந்து தூண் நட்டு ஆளுக்கொன்று கொடுக்கலாமா என்றார். நடுத்தூண் தமக்கே என்று ஐவரும் சொல்லியனுப்பினார்கள். போதாக்குறைக்கு, தம் எழுத்து மட்டும் ஒரு நூலிழை பெரிதாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் சிற்பிக்கு இரகசியமாகப் பலகாரம் அனுப்பினார்கள்.

"அஞ்சு வீட்டு அதிரசம் வந்திருச்சு, அண்ணே" என்றார் குழந்தைவேலர். "இனி அஞ்சும் பெருசாத்தான் வெட்டணும்."

நம்பி தலையில் அடித்துக்கொண்டு எழுந்து நடந்தார். கால் போன போக்கில் ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்துசேர்ந்தார். உள்ளே நுழையக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கோயிலுக்கு மண்டபம் கட்டிக்கொடுத்த செல்வந்தர்கள் தம் பெயரை உயரத்தில் பொறிக்கமாட்டார்கள். வாசலின் தரைக்கல்லில் பொறிப்பார்கள். வருகின்ற அடியார்களின் பாதத்தூசி தம் பெயர்மேல் படுவதே பெரும்பேறு என்பது அவர்கள் எண்ணம். நம்பி தரையைப் பார்த்தார். தேய்ந்த எழுத்துக்களில் ஒரு பெயர் இருந்தது. அதன்மேல் ஒரு பெண் குழந்தை தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோயிலுக்குள் போகவில்லை. வந்த வழியே சிற்பியிடம் ஓடினார்.

பெயர்சூட்டு விழாவன்று மூன்று பெருவழிகளிலும் மக்கள் திரண்டிருந்தார்கள். பாலத்தின் முகப்பைப் பனையோலைத் தட்டிகள் மறைத்திருந்தன. அரசர் யானையிலிருந்து இறங்கினார். ஐவரும் பட்டாடை சரசரக்க முன்னே வந்தார்கள். தட்டிகள் விலகின. முகப்பின் இருபுறமும் நின்ற தூண்கள் வெறுமையாக இருந்தன. ஐவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தும் ஓர் எழுத்துக்கூடத் தென்படவில்லை.

"என் பெயர் எங்கே?" என்றார் தாண்டவராயர்.

"தாங்கள் அதன்மேல்தான் நிற்கிறீர்கள், ஐயா" என்றார் நம்பி.

தாண்டவராயர் துள்ளி விலகினார். விலகியதில் தளவாயின் பெயர்மேல் போய் நின்றார்.

பாலத்தின் நுழைவாயிலில் ஐந்து தரைக்கற்கள் குறுக்காக ஒரே வரிசையில் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பட்டங்கள் ஒன்றுகூடக் குறையாமல் செதுக்கப்பட்டிருந்தது. நம்பி அரசரின் பக்கம் திரும்பி, மிகுந்த பணிவோடு விளக்கினார்.

"மன்னவா, ஐவரும் ஒரே தளத்தில் இருக்கிறார்கள். எவரும் எவருக்கும் கீழே இல்லை. இந்த வரிசையைச் சந்திக்காமல் எவரும் பாலத்தில் ஏற முடியாது. எந்தக் கல்லில் ஒருவர் முதலில் கால் வைக்கிறாரோ, அவருக்கு அந்தப் பெயரே முதற்பெயர். இடப்பக்கம் பெயர் அமைந்தவருக்குக் குறை வேண்டாம் என்று அக்கரை முனையில் வரிசையைத் திருப்பியும் பதித்திருக்கிறேன். கோயில் கட்டிய கொடையாளிகளுக்கு நம் முன்னோர் கொடுத்த அதே மரியாதை."

"கோயிலுக்கு வருகிறவர்கள் அடியார்கள்" என்று தளவாய் உறுமினார். "இங்கே..."

அவர் முடிப்பதற்குள் ஆற்றில் குளித்துவிட்டு எருமைக்கூட்டம் ஒன்று கரையேறி வந்தது. எருமைகளுக்கு விழாவாவது அரசராவது. சேற்றுக் குளம்புகளோடு தாண்டவராயரையும் மற்ற மூவரையும் மிதித்துக் கடந்தன. கிழட்டு எருமை ஒன்று மட்டும் 'எண்டிசையும் வென்ற' என்று செதுக்கிய இடத்தில் சற்று நின்று, அவசரமில்லாமல் சாணம் போட்டுவிட்டுச் சென்றது.

கூட்டத்தில் யாரோ இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள்.

"உடனே இந்தக் கல்லைப் பெயர்த்தெடு" என்றார் தளவாய்.

"அடியேனால் இயலாது. மன்னர் ஆணைப்படி பதித்த கல். இந்தப் பெருமை தங்களுக்கு வேண்டாம் என்று தாங்களே மன்னரிடம் சொன்னால் ஒழிய..."

தளவாய் எருமை போன வழியைப் பார்த்தார். அடுத்து ஓர் ஆட்டுமந்தை வந்துகொண்டிருந்தது. "எனக்கு வேண்டாம்" என்றார். தாண்டவராயர் அதற்கு முன்பே சொல்லி முடித்திருந்தார். மற்ற மூவரும், பெயரில் தமக்கு எப்போதுமே நாட்டமில்லை என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டு அறிவித்தார்கள்.

அரசருக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. யானையின் தந்தத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியும்வரை சிரித்தார். கற்களைக் கவிழ்த்துப் பதிக்குமாறு உத்தரவிட்டுவிட்டு, "சரி, நீ சொல்லும் பெயர் என்ன?" என்று நம்பியைக் கேட்டார்.

"அதைச் சொல்லவேண்டியவர் நான் அல்ல, மன்னவா" என்ற நம்பி, கூட்டத்துக்குள் சென்று மருதனைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். கிழவர் அரசரை வணங்கினார். பெயரை ஒரே ஒருமுறை சொன்னார். அந்தத் துறையில் அன்று நடந்ததை அரசர் இம்முறை அவர் வாயாலேயே முழுவதும் கேட்டார். சிரிப்பு அடங்கியிருந்தது. தளவாய் தம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலர் உளியை எடுத்துக்கொண்டு தூணருகே வந்தார். "எழுத்து எவ்வளவு பெருசு வேணும், ஐயா?"

"பெருசு வேண்டாம் தம்பி. ஆழமா வெட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. தடவிப் பார்த்தா தெரியணும்."

எயினன் என்ற பெயர் தூணில் கண்மட்டத்தில் ஏறியது. கிழவர் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிவிட்டு, யாரையும் எதிர்பாராமல் விந்தி விந்திப் பாலத்தின்மேல் நடந்தார். முதலில் கடக்கவேண்டியவர் மன்னர் ஆயிற்றே என்று காவலர்கள் பதறினார்கள். அரசர் அவர்களைக் கையமர்த்திவிட்டு, கிழவர் அக்கரை சேரும்வரை வெயிலில் நின்றார்.

பிறகு நம்பியின் தோளில் தம் பொன்னாடையைப் போர்த்தி, நன்செய் நிலமும் கொடுத்து, "இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. உன் வீட்டு வாசலில் இருக்கும் சந்திக்கு உன் பெயரையே வைக்கப்போகிறேன்" என்றார்.

நம்பி சாலையென்றும் பாராமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மன்னவா, நிலத்தை வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தியில் வழி சொல்பவனே நான்தான். நாளெல்லாம் என் பெயரை நானே சொல்லிக்கொண்டு நின்றால் என் மனைவி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்."

அரசர் மீண்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே, பெயர்களைப் பட்டங்களோடு சொல்லவேண்டும் என்ற விதியும் கரைந்துபோயிற்று. மருதனின் காலத்துக்குப் பிறகும், செந்நீராற்றைக் கடக்கும் வண்டிக்காரர்கள் அந்தத் தூணை ஒருமுறை தடவிவிட்டுத்தான் மாட்டை ஓட்டினார்கள்.